நடு வயதும் வயிற்றுப் பருமனும்

நம் நெசவாளர் சங்கங்களையும் வேளாண்மைக் கடன் சங்கங்களையும் இன்று தாங்கி நிற்போருள் பெண்களின் பங்கு சிறிதன்று. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். நெசவாளருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். மதுரைச் சுங்குடிச் சேலையின் ஆயிரக்கணக்கான முடிச்சுகளையும் பெரும்பாலும் பெண்களின் விரல்களே போடுகின்றன. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் மொட்டெடுப்பவர்களுள்ளும், மேலூர், வாடிப்பட்டி வயல்களில் நாற்று நடுபவர்களுள்ளும் பெண்களே மிகுதி.

இவர்களுள் நாற்பதைக் கடந்த தாய்மார்கள் பலருக்கு ஒரு கவலை உண்டு. "முன்போலத்தான் உண்கிறேன், முன்போலத்தான் உழைக்கிறேன்; வயிறு மட்டும் ஏன் பெருக்கிறது?" என்பதே அக்கவலை. வெளியில் சொல்லக் கூசிப் பலர் மனத்திலேயே வைத்துக்கொள்கின்றனர். வீட்டாரோ "உட்கார்ந்து தின்பதால் வந்த தொப்பை" என்று கேலி பேசுகின்றனர். அயலார் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையின் மேல் பழி சுமத்துகின்றனர். இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு தூரம் சரி, உண்மைக் காரணம் யாது, செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆண் அங்கத்தினர்களும் இதனை அவசியம் படித்தல் வேண்டும். தம் தாயின், மனைவியின், தமக்கையின் உடல் நலம் பற்றிய செய்தி இது.

மாதவிடாய் நிற்றல்

பெண்ணின் சூலகங்கள் இளமையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீரைத் தருகின்றன. நாற்பதை ஒட்டிய ஆண்டுகளில் சூலகங்களின் வேலை தளர்கிறது. மாதவிடாய் முன்பின்னாக வருகிறது, பின்னர் நின்றுவிடுகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கொள்வர். மேல்நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. ஆகவே மாறுதலின் தொடக்கம் பலருக்கு நாற்பதின் முற்பகுதியிலேயே தென்படுகிறது.

திடீரென முகத்திலும் மார்பிலும் வெப்பம் பரவி வியர்த்தல், இரவில் உறக்கம் கெடுதல், மூட்டு வலி, எளிதில் சினம் அல்லது சோர்வு தோன்றுதல் ஆகியன இப்பருவத்தின் பொதுவான அறிகுறிகள். எலும்பின் வலிமையும் குறையத் தொடங்குகிறது. இவை நோயல்ல; பூப்பெய்துதல் போலவே இயற்கையான ஒரு மாறுதல்தான்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைப் பற்றி இங்கே சொல்லிவிடுதல் நன்று. தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வறுவையைச் செய்துகொண்டவர்கள். ஆதலின் பிற்காலத்தில் வரும் எத்தொல்லைக்கும் அதனையே காரணமாகக் கூறும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவ்வறுவையில் கருக்குழாய்கள் மட்டுமே தடுக்கப்படுகின்றன. சூலகங்கள் இருந்த இடத்தில் இருந்து தம் வேலையைச் செய்கின்றன. வயிற்றுப் பருமனுக்கு அவ்வறுவை காரணமன்று. கருப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்துவிடும் அறுவை வேறு. அதனைச் செய்துகொண்ட பெண்ணுக்கு, வயது எதுவாயினும், மேற்கூறிய மாறுதல்கள் யாவும் உடனே வந்து சேரும். "இனி அது எதற்கு?" என்ற எண்ணத்தில் இவ்வறுவைக்கு எளிதில் இசைதல் கூடாது. இன்றியமையாததா என்று இரண்டாவது மருத்துவர் ஒருவரையும் கேட்டறிதல் நலம்.

மொத்தம் ஒன்றே, இனங்கள் வேறு

வயிறு பெருப்பதன் காரணத்தை நம் சங்க ஐந்தொகையைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒரு நெசவாளர் சங்கத்தின் சொத்து மொத்தம் சென்ற ஆண்டு பத்து லட்சம், இவ்வாண்டும் பத்து லட்சம் என்று கொள்வோம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் மாறுதல் இல்லை என்பார். ஆனால் சென்ற ஆண்டு நூலாகவும் ரொக்கமாகவும் புழங்கிய பணம், இவ்வாண்டு விற்காத சேலைகளாகக் கிடங்கில் தேங்கிக் கிடந்தால் சங்கத்தின் நிலை ஒன்றாகுமா? நடு வயதுப் பெண்ணின் உடலில் நடப்பதும் இத்தகையதே. தசை என்பது புழங்கும் முதல். கொழுப்பு என்பது தேங்கிய சரக்கு. தராசு காட்டும் எடை பெரிதும் மாறாதிருக்கையிலேயே தசை குறைந்து கொழுப்பு கூடுகிறது.

அமெரிக்காவில் 1996இல் தொடங்கி, 42 முதல் 52 வயதுவரையுள்ள 3,300 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கியது. மாதவிடாய் தடுமாறத் தொடங்கும் காலத்திலிருந்து உடற்கொழுப்பு சேரும் வேகம் கூடுகிறது, தசை குறைகிறது, கடைசி மாதவிடாய்க்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை இந்நிலை நீடித்துப் பின்னர் வேகம் தணிகிறது. எடை மட்டும் வயதோடு ஒரே சீராக ஏறி வந்ததே அன்றி, மாதவிடாய் நின்றதனால் தனியாக ஏறவில்லை.

கொழுப்பு தங்கும் இடமும் மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் நிறைந்திருக்கும் வரை பெண்ணின் கொழுப்பு பெரும்பாலும் இடுப்பின் பின்புறத்திலும் தொடைகளிலும் சேர்கிறது. கருவுற்ற காலத்துக்கும் பாலூட்டும் காலத்துக்கும் இயற்கை செய்து வைத்த சேமிப்பு அது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. ஆகவே "முன்போலத்தான் உண்கிறேன்" என்று ஒரு தாய் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பழைய உணவளவு புதிய உடலுக்குப் பொருந்தாமற் போனதே செய்தி. தசை குறைந்த உடலுக்கு எரிபொருளும் குறைவாகவே வேண்டும்.

வயதோடு ஏறும் எடை, பொதுவாக ஆண்டுக்கு அரைக் கிலோ அளவில் இருக்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கும். அரைக் கிலோவை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குப் பத்துக் கலோரி. அதாவது அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை. உடல் இவ்வளவு நேராகக் கணக்குப் பார்ப்பதில்லை எனினும், சிறிய பாக்கி ஆண்டுக் கணக்கில் எவ்வாறு பெரிதாகிறது என்பதை இதனால் அறியலாம். இதற்குப் பெருந்தீனி தின்ன வேண்டியதில்லை.

உள் வயிற்றுக் கொழுப்பின் கேடு

பருமன் எங்கே உள்ளது என்பது எவ்வளவு உள்ளது என்பதைப் போலவே முக்கியம் என்று, பிரான்சு நாட்டு மார்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947இலேயே எடுத்துக்காட்டினார். தொடைப் பருமனைவிட வயிற்றுப் பருமனோடுதான் நீரிழிவும் இரத்தக் குழாய் நோயும் சேர்ந்து வருவதை அவர் கண்டார். தோலுக்கடியில் கிள்ளினால் பிடிபடும் கொழுப்பு ஒரு வகை. குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து உள்ளே படியும் கொழுப்பு மற்றொரு வகை. பின்னதே கேடு மிக்கது. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. இன்சுலின் தன் வேலையைச் செய்ய இயலாமல் தடைப்படுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் கெட்ட கொலஸ்டிராலும் விரைந்து கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் அதுவரை இதயத்துக்கு அளித்து வந்த காப்பு இவ்வாறு அகன்றுவிடுகிறது.

இந்தியருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். மெலிந்தவராகத் தோன்றும் இந்தியர் உடலிலும் கொழுப்பின் பங்கு மிகுதி என்பது பல ஆராய்ச்சிகளில் வெளிப்பட்டிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் 1,13,000 பேரைச் சோதித்து 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் நீரிழிவும், நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமனும் உடையவர்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு 40 பேருக்கு வயிற்றுப் பருமன் காணப்பட்டது. ஆண்களுள் 12 பேருக்கே. தொப்பை ஆணுக்குரியது என்ற எண்ணம் இக்கணக்கின் முன் நில்லாது.

ஒரு நூல் போதும்

இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அங்குல நாடா இல்லாத நெசவாளர் சங்கம் ஏது? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சேலைக் கட்டை விலக்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தல் கூடாது. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லையாகும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்.

நாடாவும் இல்லையெனில் ஒரு நூல் போதும். தலை முதல் கால் வரை தம் உயரத்துக்கு ஒரு நூலை அறுத்து, அதனை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பார்க்கவும். முனைகள் எட்டினால் நன்று. எட்டாவிடில் எச்சரிக்கை கொள்க. வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இவ்விரு சோதனைகளுள் ஒன்று எல்லை மீறினாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்துக்கொள்ளுதல் அவசியம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து, தேதியுடன் குறித்து வைத்தல் நன்று. தராசைவிட அக்குறிப்பு உண்மை பேசும்.

உணவு

உடலை இளைக்க வைக்கப் பலரும் கைக்கொள்ளும் முதல் வழி பட்டினி. காலை உணவை விட்டுவிட்டு, இனிப்புத் தேநீரால் பசியை அடக்கி, நண்பகலில் தட்டு நிறையச் சோறு உண்பது நம் பக்கத்தில் மிகுதி. பட்டினியால் கொழுப்போடு தசையும் கரையும். ஏற்கெனவே குறைந்து வரும் தசையை மேலும் இழப்பது, வட்டி கட்ட முதலை விற்பது போன்றதே.

ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி வேண்டும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் சுமார் 250 கிராம், பருப்பு சுமார் 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம் என்று வகுத்திருக்கிறது. இவை சமைக்கு முன் உள்ள எடைகள். நம் வீட்டுத் தட்டில் அரிசி இதனை மீறுகிறது, பருப்பு பின்தங்குகிறது. நியாயவிலைக் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. அதனை நால்வருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு எட்டுக் கிராமுக்குச் சற்றே மேல். அந்தப் பருப்பை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்பது இதனால் விளங்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம், நூறு கிராம் பயற்றில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டிச் சுண்டலைக் கூட்டுதல் எளிய தொடக்கமாகும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. கேழ்வரகு என்னும் நம் கேப்பை நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இச்சத்தைத் தருகிறது. பால், மோர், முருங்கைக் கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவையும் உதவும். கேப்பைக் கூழைச் சோற்றுக்கு மேலாகக் குடித்தல் பயன் தராது. சோற்றுக்குப் பதிலாகக் கொள்ளுதல் வேண்டும்.

தறி வீடுகளில் வேலையோடு வேலையாகத் தேநீர் வந்துகொண்டே இருக்கும். நாளொன்றுக்கு ஐந்து குவளை, குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 50 கிராம் ஆகிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. தேநீரை விட வேண்டியதில்லை. சர்க்கரையைப் பாதியாக்கினாலே போதும்.

உழைப்பும் பயிற்சியும்

"நாள் முழுதும் வேலை செய்கிறேனே, பயிற்சி எதற்கு?" என்று கேட்கலாம். குழித்தறியில் மிதியை மிதித்து நாடாவை ஓட்டுதல் உழைப்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் தார் சுற்றுவதும், சுங்குடி முடிச்சுப் போடுவதும், பூத் தொடுப்பதும் உட்கார்ந்த இடத்து வேலைகள். விரல் ஓயாது, உடல் அசையாது. வீதியில் பாவு நீட்டி மேலும் கீழும் நடந்து கஞ்சி தோய்த்த வேலை பல ஊர்களில் அருகிவிட்டது. வயலில் அறுவடை இயந்திரமும், வீட்டில் மாவரைக்கும் இயந்திரமும் வந்துள்ளன. இவை வரவேற்கத்தக்கனவே, எனினும் உடல் இழந்த அசைவை வேறு வழியில் ஈடு செய்தல் வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தபடி வாரத்துக்கு 150 நிமிடமேனும் சுறுசுறுப்பான நடை வேண்டும்; நாள் ஒன்றுக்கு அரை மணியாக ஐந்து நாள். இத்துடன் வாரம் இரு முறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நீர் நிறைத்த பாட்டில்களைத் தூக்கி இறக்குதல் ஆகியன வீட்டிலேயே செய்யத்தக்கவை. தறியிலும் திண்ணையிலும் இருப்போர் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து சிறிது நடத்தல் நன்று. வயிற்றை மட்டும் மடக்கி நிமிரும் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரைந்துவிடாது. உடல் முழுதும் அசையும்போதே அது குறையும். உள் வயிற்றுக் கொழுப்பு நடைக்கு முதலில் இணங்குவது ஒரு நல்ல செய்தி. எடை குறையாதிருக்கையிலும் சுற்றளவு குறைவதைப் பலர் காண்பர்.

விளம்பரங்களும் மருந்துகளும்

ஒரே மாதத்தில் தொப்பையைக் கரைப்பதாகச் சொல்லும் பொடிகளும், கஷாயங்களும், இறுக்கும் பட்டைகளும் வீடு தேடி வருகின்றன. இப்போது கைப்பேசி வழியாகவும் வருகின்றன. பட்டை வயிற்றை அமுக்குமே அன்றிக் கொழுப்பைக் குறைக்காது. பொடியில் என்ன கலந்துள்ளது என்பதை விற்பவரே அறியார். பண்டிகை முன்பணத்தையும் போனஸையும் இவற்றுக்குச் செலவிடுவதைவிட, அத்தொகைக்குப் பயறும் முட்டையும் வாங்குதல் சாலச் சிறந்தது.

ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் சிகிச்சையும் உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரும் ஆராய்ச்சிக்குப் பின் அதனைப் பற்றிய அச்சம் பரவியது. மேலும் ஆராய்ந்ததில், அறுபது வயதுக்குட்பட்ட, வேறு தடைகள் இல்லாத பெண்களுக்கு, தாங்கொணா வெப்ப அலையும் உறக்கக் கேடும் இருப்பின், மருத்துவர் மேற்பார்வையில் அதனைத் தரலாம் என்று தெளிந்தனர். வயிற்றைக் குறைப்பதற்கென அது தரப்படுவதில்லை. 2025 முதல் நம் நாட்டில் பரவிவரும் எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கன அல்ல. புரதமும் பயிற்சியும் இல்லையேல் அவற்றாலும் தசை குறையும்.

காலம் தாழ்த்தலாகாத அறிகுறிகள்

இக்கட்டுரையில் மற்றெதனை மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது. வயிறு பெருத்தல் யாவும் இப்பருவத்தின் மாறுதலே என்று இருந்துவிடுதல் உயிருக்கே கேடாகலாம்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்க. "மறுபடியும் வந்துவிட்டது" என்று மகிழ்வதோ மறைப்பதோ தவறு. கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்த வழியுண்டு.

சில வாரங்களிலேயே வயிறு விரைந்து பெருத்தல், நாள்தோறும் உப்பிசமாக இருத்தல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மற்ற உறுப்புகள் மெலிய வயிறு மட்டும் வீங்குதல் ஆகியன சூலகக் கட்டியையோ வயிற்றில் நீர் சேர்வதையோ குறிக்கலாம். வாயு என்று சுக்குக் கஷாயத்தோடு காலங்கழித்தல் ஆகாது. இவற்றுக்கு ஸ்கேன் பரிசோதனை தேவை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் அனுப்பினால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குச் செல்லலாம். கடுஞ்சோர்வு, குரல் தடித்தல், குளிர் தாங்காமை ஆகியவை பருமனோடு சேர்ந்து வந்தால் தைராய்டு சோதனையும் வேண்டும்.

குடும்பமும் சங்கமும்

வீட்டார் முதலிற் செய்யத்தக்கது கேலியை நிறுத்துவது. கேலி கேட்ட பெண் பட்டினி கிடப்பாள். அல்லது மருத்துவரிடம் செல்லக் கூசுவாள். எல்லோரும் உண்டபின் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் தாய் உண்ணும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. எஞ்சுவது பெரும்பாலும் சோறாகவே இருக்கும். முட்டையும் சுண்டலும் எஞ்சுவதில்லை. அவளுக்குரிய பங்கை முதலிலேயே எடுத்து வைத்தலும், அவள் நடந்து வரும் அரை மணிக்கு வீட்டு வேலையைப் பிறர் ஏற்றலும் மருந்தினும் மேலானவை.

சங்கங்களும் செலவின்றிச் செய்யத்தக்கன சில உண்டு. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி, 45 வயது கடந்தோருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டிலேயே சோதிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய சோதனைக்குச் சுகாதார ஊழியரைச் சங்கக் கட்டடத்துக்கே அழைக்கலாம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றமும் சொற்பொழிவும் முடிந்தபின் ஒரு நாள் பிற்பகலைப் பெண் அங்கத்தினர்க்கென ஒதுக்கி, மறைவான அறையில் பெண் ஊழியர் ஒருவரைக் கொண்டு சுற்றளவு எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரலாம். சங்கத்துக்கு ஆகும் செலவு ஒரு நாடாவும் சில தாள்களுமே.

கிடங்கில் சரக்குத் தேங்கினால் நெசவாளர் மேல் பழி சொல்வதால் சேலை விற்றுவிடாது. இருப்பை எண்ணி, காரணம் கண்டு, சிறிது சிறிதாகக் கழித்து, புதிய முதலைப் புழக்கத்தில் விடுகிறோம். நடு வயதில் உடல் காட்டும் மாறுதலையும் அவ்வாறே அஞ்சாமலும், அசட்டை செய்யாமலும் எதிர்கொள்ளுதல் வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு பெண்ணுக்கு இன்னும் முப்பது ஆண்டு வாழ்வு இருத்தல் இயல்பு. அம்முப்பது ஆண்டுகளும் அவள் தன் காலில் நின்று, தன் கையால் நெய்து, தன் வயலைப் பார்த்து வாழ்வதற்கான அடித்தளத்தை இந்தச் சில ஆண்டுகளிலேயே இடவேண்டும்.